செல்சஸின் நூலில் காது மருத்துவம்



பழைய ரோமானியர் காதுவலிக்கு எண்ணெய் ஊற்றியதைத் தவிர வேறென்ன அறிந்திருந்தனர் என்ற வினாவுக்கு விடை, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்சஸ் என்பவர் இலத்தீனில் எழுதிய மருத்துவ நூலில் இருக்கிறது. காதின் அழற்சியும் வலியும் முற்றினால் சித்தம் கலங்கிச் சாவும் நேரலாம் என்று அதன் ஆறாம் பகுதி எச்சரிக்கிறது; காதுச்சீழ் மூளைவரை பரவக்கூடும் என்பதை அறிந்த இன்றைய மருத்துவர் எவரும் அதை மிகை என்று தள்ளமாட்டார். மருந்தை வெதுவெதுப்பாக்கி, குளிக்கும்போது உடம்பை வழிக்கப் பயன்பட்ட ஸ்ட்ரிஜில் என்னும் வளைந்த உலோகக் கருவியின் வழியே சொட்டவிட்டு, அது வெளியே வழியாதபடி கம்பளி மயிரை வைத்தனர். இறுகிய குறும்பிக்குக் காடியும் சிறிது உவர்க்காரமும் இட்டனர். உள்ளே விழுந்த பொருள் கருவிக்கு அகப்படாவிட்டால், அந்தக் காது கீழே வருமாறு நோயாளியைப் பலகையில் கட்டிக் கிடத்தி, கால்மாட்டில் சுத்தியலால் அடித்து, அதிர்ச்சியில் அது உதிரச் செய்தனர். காரணத்துக்கேற்ப மருத்துவம் மாறிய இந்நூலை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்கள்.

எல்லாவற்றினும் வியப்பூட்டுவது ஏழாம் பகுதி. கனத்த அணிகளால் துளை பெரிதாகிவிட்ட காதுச்சோணையில், அதாவது மடலின் கீழ்ச்சதையில், அடியில் எஞ்சிய சதையை அறுத்து, துளையின் ஓரங்களைக் கத்தியால் சீவிப் புண்ணாக்கி, பின்னர் தைத்து, சதையை ஒட்டவைக்கும் மருந்து இடவேண்டும் என்கிறது அது. தோல் மூடிய ஓரங்களை எத்தனை முறை தைத்தாலும் அவை ஒட்டா. பச்சைப்புண்ணும் பச்சைப்புண்ணும் சேர்ந்தால்தான் ஒட்டும். பாம்படம், தண்டட்டி முதலிய கனத்த காதணிகள் இழுத்து அறுந்த காதுகளைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் தைப்பதும் இதே நெறியில்தான். காது நோய்களை 28 என வகுத்த பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, காதுச்சோணையை இணைக்கும் 15 முறைகளைப் பெயரிட்டுக் கூறுகிறது. யார் யாரிடம் கற்றனர் என்ற வழக்கு வீண். கனத்த நகை தொங்கிய ஊரிலெல்லாம் காது அறுந்தது, அறுந்த காதே வைத்தியனின் கைக்குத் தையலைக் கற்பித்தது என்று கொள்வதே பொருத்தம்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சீழ் வடியும் காதில் செவிப்பறை ஓட்டையாகியிருக்கலாம் என்பதால், அதில் எண்ணெய் ஊற்றவே கூடாது. அத்தகைய காதைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்கவேண்டும். மேலும் படிக்க விரும்புவோருக்கு, செல்சஸின் நூலுக்கு ஸ்பென்சர் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக உள்ளது. ஏழாம் பகுதி அடங்கிய அதன் மூன்றாம் தொகுதியை முதலில் படிக்கலாம்.