தோட்டத்தைப் படமெடுக்கச் செல்லுமுன்

நம் நாட்டின் ரப்பர் தோட்டங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் தந்துவிட்டன. எஞ்சியுள்ள லயங்களையும் பிரட்டுக்களங்களையும் கோயில்களையும் படமெடுத்து வைக்க இளைஞர் பலர் விழைகின்றனர். இடிக்கப்பட்ட கட்டடத்தை மறுமுறை படமெடுக்க இயலாது. ஆகவே, படப்பிடிப்புக்கு ஆயத்தம் செய்யும் முறையை இம்மாதம் பயில்வோம்.

1. அனுமதி

தோட்டம் பிறர் உடைமை. வரும் நாள், நேரம், வருவோர் தொகை, படத்தின் நோக்கம் ஆகியவற்றைக் குறித்து நிர்வாகிக்கு முன்னதாகவே கடிதம் எழுதுதல் வேண்டும். நிர்வாகி இசைந்தாலும், படத்தில் இடம்பெறும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெறுவதே முறை. வீட்டின் உள்ளே எடுப்பதாயின் வீட்டாரைக் கேட்டல் வேண்டும்.

2. முன்பார்வை

குறித்த நாளுக்கு முன்பே, எடுக்கவிருக்கும் அதே வேளையில் இடத்தைச் சென்று காண்க. லயத்தின் எப்பக்கத்தில் காலை வெயில் விழுகிறது, மின்கம்பி எங்கே குறுக்கிடுகிறது, எங்கு நின்றால் கோயிலும் மரமும் ஒருங்கே தெரியும் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கொள்க.

3. நேரம்

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் நாள் அரைமணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. இன்று கோலாலம்பூர் வட்டாரத்தில் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் உதிக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்குச் சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக, மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் எழுகிறது. ஆதலின் மென்மையான ஒளி விரைவில் மறைந்துவிடும். அதற்குள் எடுக்க வேண்டியவற்றை முதலில் எடுத்துவிடுக.

குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியுமாதலால், மரம் வெட்டும் வேலை பொழுது விடியுமுன்பே தொடங்கும். அந்த மங்கிய ஒளியில் கை நடுங்கினால் படம் கலங்கும்; முக்காலி இன்றியமையாதது. மங்குகளிலிருந்து பால் சேகரிப்பது சில மணி நேரம் கழித்தே நிகழும். இரண்டையும் எடுக்க விரும்புவோர் முற்பகல் முழுவதையும் ஒதுக்குதல் நலம்.

4. பொருள்கள்

மாற்று பேட்டரி, நினைவக அட்டை, முக்காலி, மெல்லிய துணி, மழைக்கு நெகிழிப்பை ஆகியவற்றை முதல்நாள் இரவே எடுத்து வைக்க. குளிரூட்டிய காரிலிருந்து கருவியை உடனே வெளியில் எடுத்தால் கண்ணாடி வில்லையில் நீர் படியும். சற்று நேரம் மூடிய பைக்குள்ளேயே இருக்கட்டும். மழையால் தடைப்படின் மீண்டும் வருவதற்கு இன்னொரு நாளையும் முன்னரே பேசி வைத்தல் நன்று.

5. காட்சிப் பட்டியல்

ஒவ்வோர் இடத்திற்கும் மூன்று படங்களேனும் தேவை: சுற்றுப்புறத்துடன் தொலைவிலிருந்து ஒன்று, முழு உருவம் தெரிய ஒன்று, கல்வெட்டு, கதவு, கையின் பிடி போன்ற நுண்பகுதி ஒன்று. அன்றைக்கே ஊர், நாள், மனிதர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க. பெயர் தெரியாத முகம், நாளைய பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவராகிவிடும்.

பயிற்சி: உங்கள் தோட்டத்தில் பழைமையான இடம் ஒன்றைத் தேர்ந்து, மேற்கண்ட ஐந்து தலைப்புகளின்கீழ் ஒரு பக்கத் திட்டம் எழுதுக. அவ்விடத்தின் வரலாறு அறிந்த முதியவர் ஒருவரை முதலில் கண்டு பேசுக. எவற்றை எடுக்க வேண்டும் என்பதை அவரே நன்கறிவார்.