61 கட்டையும் 88 கட்டையும்

கேள்வி: மகள் தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிறாள். பியானோ மேடைக் கலைஞராக வர முடியுமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: ஏன் முடியாது? கொழும்பில் பிறந்த பியானோக் கலைஞர் ரொஹான் டி சில்வா ஜனாதிபதி நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்றவர். லண்டனிலும் நியூயோர்க் ஜூலியார்டிலும் படித்தார். 1990இல் மொஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான பரிசு அவருக்கு. பிறகு வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனோடு ஊர் ஊராகக் கச்சேரி. பக்கவாத்தியம் என்பதைக் கவனியுங்கள்; தனிக் கச்சேரியை மட்டும் நம்பிப் பிழைப்பவர் சொற்பம். பலருக்குச் சோறு போடுவது பக்கவாத்தியமும் பாடம் சொல்லிக்கொடுப்பதும்தான்.

கீபோர்டில் பெரும்பாலும் 61 கட்டை. பியானோவில் 88, ஒவ்வொன்றையும் அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியில் அடிக்கும். அந்தக் கனம் விரலுக்குப் பழக வேண்டும். பியானோ உள்ள ஆசிரியரை முதலில் தேடுங்கள். வாங்க அவசரப்படாதீர்கள், நம் மழை ஈரத்துக்கு மரம் ஊதும், கம்பி துருவேறும், சுருதி நிற்காது.