கார்டு கடன்: எதை முதலில் அடைப்பது?

'உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் படுத்துடுங்க...' டாக்டர் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். பத்து மணிக்குப் படுக்கவும் செய்கிறீர்கள். தூக்கம் வருகிறதா? ஐந்தாம் தேதி ஒரு கார்டு, பன்னிரண்டாம் தேதி இன்னொன்று, இருபதாம் தேதி மூன்றாவது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் எப்படி மூடும்? 'கடன் கிடன் ஏதாவது இருக்கா?' என்று டாக்டர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

கிரெடிட் கார்டு கடனுக்கு ஒரு விசேஷம் உண்டு. வீட்டுக் கடன் வாங்கினால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நகையை வைத்தால் மனைவிக்குத் தெரியும். கார்டு கடன் மட்டும் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். கணவரின் கார்டில் எவ்வளவு பாக்கி என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் நிறைய. ஆன்லைனில் வாங்கியதை மனைவி மறைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அதனால், கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். மாசக் கடைசி ராத்திரியில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு நல்ல நேரம். "என்னங்க, நான் சண்டை போடப் போறதில்லை. மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஆரம்பித்துப் பாருங்கள். யார் செலவு பண்ணினது என்கிற விசாரணையை அன்றைக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் உண்மையான தொகை வெளியே வராது.

ஒரு தாளில் ஒவ்வொரு கார்டுக்கும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: பாக்கி எவ்வளவு, மாத வட்டி எத்தனை சதவீதம், கடைசித் தேதி எது. வட்டி ஸ்டேட்மென்ட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். இரண்டு பேர் சம்பளம், இரண்டு பிள்ளைகள், ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸில் ஆரம்பித்த கடன். முதல் கார்டில் 1,00,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம். இரண்டாவதில் 40,000, வட்டி 3.75. மூன்றாவதில் 15,000, வட்டி 3.4. ஆக 1,55,000. கையைக் கடித்துக்கொண்டு மாதம் 16,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றரை சதவீதம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அது மாதத்துக்கு. வருஷத்துக்கு 42. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. இரண்டையும் சேர்த்தால் வருஷத்துக்கு 50-ஐ நெருங்குகிறது. 'இதுக்கு ஒரு உச்சவரம்பு இல்லையா?' என்று கேட்பீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மினிமம் என்கிற மாயம்

ஸ்டேட்மென்ட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் இந்த மாதம் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி. நம் குடும்பத்தின் லட்ச ரூபாய் கார்டைப் பாருங்கள். ஒரு மாத வட்டி 3,500. அதற்கு ஜி.எஸ்.டி. 630. மொத்தம் 4,130. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்றால் (வங்கிக்கு வங்கி இந்தக் கணக்கு மாறும்) கட்டுவது 5,000. அசலில் குறைவது 870 ரூபாய்! ஐயாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஆயிரம் கூட அடைக்கவில்லை. குறைந்தபட்சத் தொகை மட்டுமே கட்டி வந்தால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றன. அச்சிடுகிறார்கள். படிப்பவர் யார்?

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. கார்டில் வாங்கினால் நாற்பது ஐம்பது நாள் வட்டி கிடையாது என்பது போன மாத பாக்கியை முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான். பாக்கி வைத்தவர்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். இன்றைக்கு அதே கார்டைத் தேய்த்து ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினால், பருப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தாலோ, யாருக்குமே வட்டியில்லா நாள் கிடையாது. தனிக் கட்டணமும் உண்டு. அதனால் கடன் தீரும் வரை மூன்று கார்டும் பீரோவுக்குள் போகட்டும். போனில் பதிந்து வைத்திருக்கும் நம்பரையும் அழித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் பிளாஸ்டிக்கை மட்டும் பூட்டி வைத்துப் பிரயோஜனம் இல்லை.

எந்தக் கார்டை முதலில்?

கணக்கு வாத்தியாரைக் கேட்டால், 'எதில் வட்டி அதிகமோ அதை முதலில் அடை' என்பார். அதாவது 40,000 ரூபாய் கார்டு. நம் பாட்டியைக் கேட்டால், 'சின்னக் கடனை முதல்ல தீர்த்துத் தொலை, ஒரு ஆளாவது வாசலுக்கு வராம இருப்பான்' என்பார். அதாவது 15,000 ரூபாய் கார்டு. யார் சொல்வது சரி?

கணக்கில் வாத்தியார்தான் சரி. ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டாமா? இரண்டு கார்டின் வட்டிக்கும் இடையே 0.35 சதவீதம். பதினைந்தாயிரத்துக்கு அது, ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, மாதம் 62 ரூபாய். கடன் முடியும் வரை கூட்டிப் பார்த்தாலும் சில நூறு ரூபாய்தான். கார்டுகளின் வட்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் வரும் நிலைமை இது.

பாட்டி வழியில் போனால் என்ன கிடைக்கிறது? பெரிய கார்டுக்கு 5,000, நடுக் கார்டுக்கு 2,000 என்று குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மீதி 9,000-ஐச் சின்னக் கார்டில் போட்டால் இரண்டாவது மாதமே அது முடிந்துவிடும். வாத்தியார் வழியில் முதல் கார்டு முடிய ஐந்தாவது மாதம் ஆகும். அதுவரை மூன்று மெசேஜ், மூன்று தேதி, மூன்று பயம்.

இந்த பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் ஏழைக் குடும்பங்களின் நாள்பட்ட கடனை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்தது. பயனடைந்த 196 பேரை ஆராய்ச்சியாளர்கள் கடன் அடைவதற்கு முன்னும் பின்னும் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்திருந்தது. கவனம் சிதறாமல் யோசிக்கும் திறன் கூடியிருந்தது. அதில் சுவாரஸ்யம் என்னவென்றால், எத்தனை டாலர் அடைந்தது என்பதைவிட எத்தனை கடன் கணக்குகள் அடியோடு மூடப்பட்டன என்பதுதான் மனசுக்கு முக்கியமாக இருந்தது. நம் கடனை வேறு யாரும் வந்து அடைக்கப் போவதில்லை, அந்தக் குடும்பங்களும் நம்மைவிட வறியவை. அந்த ஆய்வு நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

ஆகவே என் யோசனை: வட்டி வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் சின்னதை முதலில் முடியுங்கள். ஒரு கடன் மாதம் 3.5 சதவீதமும் இன்னொன்று 1.5 சதவீதமும் என்றால் பாட்டியை மறந்துவிடுங்கள். வட்டி அதிகமானதற்கே பணம் போகட்டும். எப்படியானாலும் 'எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம்' என்று பிரித்துப் போடாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறோம். பிரிட்டனில் கார்டு கணக்குகளை ஆராய்ந்தபோது அங்கேயும் ஜனங்கள் பாக்கிக்கு ஏற்ற விகிதத்தில் பணத்தைப் பங்கு போடுவதுதான் தெரிய வந்தது. அதில் வட்டியும் மிச்சமாகாது, கணக்கும் மூடாது. ஒரு கார்டின் மேல் முழு பலம், மற்றவற்றுக்கு மினிமம். ஒன்று முடிந்ததும் அந்தப் பணம் அப்படியே அடுத்ததற்கு.

பீரோவில் இருக்கும் நகை

இந்த வழியில் நம் குடும்பம் கடனை முடிக்க சுமார் 13 மாதம் ஆகும். வட்டி மட்டும் 48,000 ரூபாய் அளவில் போகும். இங்கேதான் நகை நினைவுக்கு வர வேண்டும். அதே 1,55,000 ரூபாயை வங்கியில் நகையின் பேரில் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு வாங்கி மூன்று கார்டையும் ஒரே நாளில் அடைத்தால்? முதல் மாதக் கார்டு வட்டி 6,500 இருந்த இடத்தில் நகைக் கடன் வட்டி 1,300-க்குள். மாதம் அதே 16,000 கட்டினால் பத்து மாதத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். மொத்த வட்டி ஏழாயிரம் சொச்சம். நாற்பதாயிரம் மிச்சம்!

'அம்மா வீட்டுல போட்ட நகையை, அவர் வாங்கின கடனுக்கு நான் ஏன் கொடுக்கணும்?' என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்விதான். நகை உங்களுடையது, முடிவும் உங்களுடையது. கொடுப்பதாக இருந்தால் நிபந்தனை போட்டுக் கொடுங்கள். இரண்டு கார்டை நிரந்தரமாக மூட வேண்டும். மாதாமாதம் நகைக் கடனில் கட்டிய ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். ஏனென்றால் பல நகைக் கடன்களில் வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் வருஷம் ஓடிவிடும். அதற்குள் கார்டும் மறுபடி நிரம்பியிருக்கும். கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். கார்டை மூட அவர் சம்மதிக்கவில்லையா? நகையைக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கட்டினால் ஏற்றுக்கொள்வார்களா, மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை இல்லையா? ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் உடைக்கலாம். ஏழு சதவீதம் சம்பாதிக்கிற பணத்தைக் காப்பாற்ற நாற்பத்திரண்டு சதவீதம் கட்டுவது என்ன கணக்கு? ஆபீஸில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அங்கேயும் வட்டி குறைவு. வங்கியே 'உங்க பாக்கியை ஈ.எம்.ஐ. ஆக்கித் தர்றோம்' என்று போன் பண்ணும். கார்டு வட்டியைவிட அது பெரும்பாலும் குறைவுதான். ஆனால் சொல்லும் வட்டி 'ஃப்ளாட்' ஆக இருந்தால் உஷார்: ஒரு வருஷத் தவணையில் ஃப்ளாட் 10 சதவீதம் என்பது, குறையும் பாக்கிக்கு வட்டி போட்டால் 18-க்குச் சமம். கந்து வட்டியும் போனில் வரும் கடன் ஆப்பும் வேண்டவே வேண்டாம். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது.

செலவை வெட்டுவதிலும் ஒரு எச்சரிக்கை. ஓட்டல், ஓ.டி.டி., புதுப் புடவை, எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். மாமனாரின் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பது, சர்க்கரை டெஸ்ட்டைத் தள்ளிப் போடுவது, இந்த மாதிரி சிக்கனம் வேண்டாம். மருந்துச் செலவு அதிகமென்றால் டாக்டரிடமே கேட்டு மக்கள் மருந்தகத்தில் கிடைக்கும் அதே மருந்துக்கு மாறலாம். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் விட்டுவிடாதீர்கள். பாலிசி காலாவதியானால் பழைய வியாதிகளுக்கான காத்திருப்புக் காலம் புதிதாக ஆரம்பிக்கும். மாதம் 16,000 முடியும் என்றால் 15,000 கட்டுங்கள். ஆயிரத்தைத் தனியாக வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பீரோவைத் திறந்து கார்டை எடுக்காமல் இருக்க அந்த ஆயிரம் உதவும்.

ஏற்கெனவே தவணை தவறி, வசூல்காரர்கள் போன் பண்ணும் நிலையில் இருப்பவர்களுக்கு: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அவர்கள் கூப்பிடக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தவும் உரிமை கிடையாது. வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. 'பாதியைக் கட்டுங்க, மீதியை விட்டுடறோம்' என்று செட்டில்மென்ட் பேசினால், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தக் குறிப்பு சிபில் அறிக்கையில் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வேறு வழியே இல்லாதவர்கள் அதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

வீட்டில் யாராவது சாப்பிடாமல், பேசாமல், 'நான் இல்லாட்டி எல்லாம் சரியாயிடும்' என்கிற மாதிரி பேசினால் கடன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022-லிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

கடைசிப் பாக்கியைக் கட்டியதும் கார்டைக் கத்தரியால் வெட்டினால் கணக்கு மூடியதாக அர்த்தம் இல்லை. வருஷக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லாவிட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும் என்பது விதி. பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். அதில் அந்தக் கணக்குக்கு நேரே 'மூடப்பட்டது' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை இணைத்துத் திருத்தச் சொல்லலாம்.