இணையப் புடவைக் கடையை வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

நூலையும் தறியையும் நிலத்தையும் விலை மதிக்க நம் அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இணைய வழியாக நடக்கும் பெண்கள் ஆடைக் கடையை விலைக்கு வாங்குவதோ புதிய காரியம். அதில் கையால் தொட்டுப் பார்க்கத்தக்க பொருள் சொற்பம். ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பகுதிகளில் தறி நெய்வோரும், பெரம்பலூரில் பருத்தி பயிரிடுவோரும் தம் சேமிப்பை அதில் இடுமுன் அறிய வேண்டியவற்றை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

முதலாவது, விற்பனை வேறு, இலாபம் வேறு. ஓர் உதாரணம் காண்போம். ஒரு கடைக்கு மாதம் ரூ. 1,00,000 பெறுமான ஆர்டர்கள் வருகின்றன எனக் கொள்வோம்.

திரும்பி வந்த சரக்கு ரூ. 25,000
புடவைகளின் கொள்முதல் ரூ. 45,000
விளம்பரம் ரூ. 12,000
பார்சல் கூலி ரூ. 8,000
விற்பனைத் தளத்தின் கமிஷன் ரூ. 4,000

இவை போக மிஞ்சுவது ரூ. 6,000 மட்டுமே. உரிமையாளரின் உழைப்புக்குரிய கூலியும் இதனுள் அடக்கம். ஆகவே விற்பவர் காட்டும் ஆர்டர் தொகையை நம்பாது, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் வரிப் படிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கடன் பொறுப்பு. 2022-ஆம் ஆண்டில் வி-மார்ட் நிறுவனம் லைம்ரோடு என்னும் இணைய ஆடை வியாபாரத்தை வாங்க முன்வந்தது. பேசிய ரொக்க விலை ஏறத்தாழ ரூ. 31 கோடி; ஏற்றுக்கொண்ட பொறுப்புகளோ ஏறத்தாழ ரூ. 36 கோடி. விலையினும் பொறுப்பு மிகுந்திருந்தமை கவனிக்கத்தக்கது. சிறு கடைக்கும் இது பொருந்தும். 2017-ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டப்படி, கைமாறுமுன் நின்ற வரிப் பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். விற்றவரின் வரிப் பதிவு எண் வாங்கியவருக்குச் சேராது. அவர் தம் பெயரில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது, கைக்கு வருவது யாது? கடைப் பெயர் பதிவு பெற்ற வணிகச் சின்னமாயின் அதன் உரிமை மாற்றம், வலை முகவரி, வாடிக்கையாளர் பழகிய தொலைபேசி எண், கணக்குகளின் கடவுச்சொற்கள், இருப்புச் சரக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதப்படுதல் அவசியம். வழக்கொழிந்த மாதிரிப் புடவைக்கு அடக்க விலை கொடுத்தல் ஆகாது.

விற்போருக்கும் ஒரு சொல். கணக்கைச் செம்மையாக எழுதி வைத்த கடைக்கே நல்ல விலை கிடைக்கும். பேரேடு இல்லாத கடை, பாவு அறுந்த தறியை ஒக்கும். அங்கத்தினர்கள் முன்பணம் கொடுக்குமுன், மேற்கூறிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.