கரையோரப் படகில் ஊர் திரும்புதல்

கேள்வி: சென்னையில் பணிபுரியும் நானும் என் மனைவியும் பங்குனியில் ஊர் திரும்புகையில், கடற்கரையோரமாகப் படகில் சிறிது தூரமாவது வர ஆசைப்படுகிறோம். முற்காலத்தில் அவ்விதம் பிரயாணம் செய்தார்களா? (ஒரு வாசகர், சோளக்காடு, கொல்லிமலை)

பதில்: செய்தார்கள். சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி 1806-இல் வெட்டப்பெற்று, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஏழை ஜனங்களின் உழைப்பினால் நகரத்தின் ஊடே இணைக்கப்பெற்று, தெற்கே மரக்காணம் வரை நீளும் பக்கிங்ஹாம் கால்வாயிலே, விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகளோடு குடும்பங்களும் போய்வந்தன. பங்குனியில் தென்காற்று எதிர்த்து வீசுமாதலால், தெற்கே செல்லும் படகுக்குப் பாய் அதிகம் உதவாது. கரையில் இருவர் தோளில் கயிற்றைப் போட்டு முன்சாய்ந்து இழுக்க, படகின் விளிம்பில் நின்ற ஒருவர் நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றி, அதன்மேல் மார்பை அழுத்தித் தள்ளிக்கொண்டே படகின் பின்முனை நோக்கி நடப்பார். அந்த நடை வேகத்திலேதான் பிரயாணமும் நகர்ந்தது. எனக்கு அதுவே பெரும் பாக்கியமாகத் தோன்றுகிறது.

இன்று நகரத்துக் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, சாக்கடை ஓடுகிறது. அதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. ஆகையால் முட்டுக்காட்டுப் படகுத் துறையில் இருவரும் ஒரு மணி நேரம் நீர்மேல் இருந்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு, திண்டிவனம், சேலம் மார்க்கமாகக் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி வந்து சேருங்கள். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளை நீங்கள் அறிவீர்கள்.