மரை காத்தல்

மாணவர்களே! ஓடுதல் மட்டும் ஊர்திக்கு அழகன்று. நிற்கவேண்டிய இடத்தில் நிற்றலும் அழகாகும். ஆழ்வார்திருநகரித் தேரோட்டத்தில் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுத் தேரை நிறுத்துவர். இக்கால மிதிவண்டிகள் சிலவற்றில் அப்பணியை 'டிஸ்க்' எனப்படும் எஃகுத் தட்டு ஏற்கிறது. பிரேக்குக் கட்டைகள் இரண்டு அதனை இருபுறமும் கவ்வ, சக்கரம் நிற்கிறது.

அத்தட்டினைச் சக்கரத்தின் குடத்தோடு பிணைப்பவை பெரும்பாலும் ஆறு மரையாணிகள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் பருமனே உடையது. ஆணியோ வலிய எஃகு. குடமோ மெல்லிய அலுமினியம். ஆதலின், அளவு கடந்து முறுக்கினால் அழிவது குடத்தின் மரையே. மரையழிந்த துளையில் ஆணி பற்றாது சுழலும். "ஐந்து இருக்கின்றனவே, ஒன்று போனால் என்ன?" என்று எண்ணி ஓட்டுதல் பேதைமை. அதன் சுமை ஏனையவற்றின்மேல் ஏறும். சரிவான சாலையில் பிரேக்குப் பிடிக்குங்கால் தட்டு ஆட்டங்கண்டால், உயிருக்கே இடராகும். பசையிட்டு ஒட்டுதலும் பயன்படாது.

செய்யத்தக்கது யாது? பட்டறையில் அத்துளையைச் சிறிது அகலமாக, கோணாமல் குடைந்து, புதுமரை வெட்டுவர். அதனுள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகிப் பொருத்துவர். சுருளின் உட்புறம் பழைய அளவுள்ள மரையாக அமையும். முன்போன்ற ஆணியே அதில் இறுகப் பற்றும். துளையைச் சுற்றி வெடிப்புக் காணின், குடத்தையே மாற்றுதல் வேண்டும்.

பின்னர், ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குக. செய்தோர் குறித்த அளவில் நிறுத்துக. தளர்ச்சி தட்டைக் கழற்றும். மிகை மரையை அழிக்கும். அளவறிந்த கையே உயிர் காக்கும்.