வைகாசியில் பாரிஸ்: வணிகர் பார்க்க வேண்டியவை

அக்னி நட்சத்திர நாட்களில் பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் மதிய நேரம் ஈயாடுவதில்லை. அதே மே மாதக் கடைசியில் பாரிஸ் நகரில் பகல் வெப்பம் 20 டிகிரி அளவில்தான் இருக்கும். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறையும். பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் நம் வணிகப் பெருமக்களில் சிலருக்கும் இன்று இப்பயணம் கைகூடுகிறது. ஈபிள் கோபுரத்தைப் பற்றி எழுதப் பிற பத்திரிகைகள் உள்ளன. மளிகைக்காரர் அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்பதே நமது பாடம்.

முதலில் விலை அட்டை. காய்கனிக் கடை எதுவானாலும் கிலோ விலையும், விளைந்த நாட்டின் பெயரும் எழுதி வைத்தாக வேண்டும். இது சட்டம். சின்ன வெங்காயச் சாகுபடியில் தமிழகத்தில் முன்னணியில் நிற்பது நம் பெரம்பலூர் மாவட்டம். ஆனால் நம் கடைகளிலேயே "பெரம்பலூர் வெங்காயம்" என்று ஓர் அட்டை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

அடுத்தது ரன்ஜிஸ் மொத்தச் சந்தை. நகரின் நடுவே லே ஆல் என்ற இடத்தில் நெரிசலில் திணறிய சந்தையை 1969இல் நகருக்குத் தெற்கே மாற்றினர். கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போன கதைதான் இதுவும். பரப்பு 230 ஹெக்டேருக்கும் மேல். விடியுமுன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அனுமதி அட்டை உள்ள வணிகருக்கே சரக்கு விற்பார்கள். நாம் பார்க்க வேண்டுமானால் சுற்றுலாக் குழுவுடன் முன்பதிவு செய்து, பின்னிரவிலேயே எழுந்து கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்டாலும் தவறவிடக் கூடாத இடம்.

இனி நம்மை நேரடியாகத் தொடும் செய்தி. பாரிசுக்கு அருகே கர்ஃபூர் நிறுவனம் 1963இலேயே மிகப் பெரிய பேரங்காடியைத் திறந்துவிட்டது. சிறு வணிகர்கள் கொதித்தெழுந்தனர். 1973இல் ருவாயே சட்டம் வந்தது. பெரிய கடை திறக்க, வணிகர் பிரதிநிதிகளும் அமர்ந்த குழுவின் அனுமதி தேவை என்றாயிற்று. அதன் பிறகும் பேரங்காடிகள் பெருகவே செய்தன. எனினும் ரொட்டிக் கடை, பாலாடைக் கட்டிக் கடை, காய்கனிக் கடை என்று தெருவுக்குத் தெரு சிறு கடைகள் இன்றும் நிற்கின்றன. சட்டம் அவகாசம் தந்தது. வாடிக்கையாளரைத் தக்கவைத்தது ஒரே சரக்கில் அவர்கள் காட்டும் தரம்தான் என்பது நமது கருத்து. (இதே கர்ஃபூர் 2010இல் டெல்லியில் மொத்த விற்பனையகம் திறந்து, 2014இல் இந்தியாவை விட்டு வெளியேறியதும் நினைவிருக்கலாம்.)

லா சப்பல் பகுதிக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். 1983க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. முருங்கைக்காய், மிளகாய்த்தூள், முறுக்கு எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். வெறுங்கையோடு வந்தவர்கள் அந்நிய ஊரில் கடை போட்டு நிமிர்ந்ததை நேரில் காணலாம்.

சில குறிப்புகள். விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பல சிறு கடைகளுக்கு ஞாயிறு மதியமும் திங்களும் விடுமுறை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிடுகிறவர்களுக்குக் கிழமை பார்த்துப் போவது புதிதல்ல!

பிள்ளைகளுக்கென்று நெய், பால்கோவா கட்டிக்கொண்டு போகாதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களுக்கு அங்கே தடை. மாம்பழம், பச்சைக் காய்களுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு.